அல்விசோவில் ஒரு பக்கம் கரை கட்டுகிறார்கள், மறு பக்கம் கரையை உடைக்கிறார்கள்: ஏன்?

மில்பிட்டாஸ் முரளி கேட்கிறார்:

வணக்கம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில் குடியிருக்கும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

ஆண்டுதோறும் சொத்து வரிச் சீட்டில் 12 டாலர் என்று ஒரு வரி தனியாக வருகிறது. விரிகுடாச் சீரமைப்புக்காக 2016 ஜூன் மாதம் ஒன்பது கவுண்டி மக்களும் வாக்களித்து ஏற்றுக்கொண்டது. 20 ஆண்டுகளுக்கு உண்டு. தொகை பெரிதில்லை. அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டதில் குழப்பம்தான் மிஞ்சியது.

குழந்தைகளை அழைத்துக்கொண்டு, சான் ஹோசேயின் வடகோடியில் விரிகுடாவை ஒட்டிய அல்விசோவின் படகுத்துறைப் பூங்காவுக்கு அடிக்கடி போவோம். அங்கே மண்ணைக் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, நீளமாக ஒரு கரை எழுப்பியிருக்கிறார்கள். கடல்மட்டம் உயர்கிறது, கரை வேண்டும், அது புரிகிறது. ஆனால் அதே திட்டத்தில், அந்தக் கரைக்கு அப்பால் கிடக்கும் பழைய உப்பளங்களின் கரைகளை வெட்டிவிட்டுக் கடல்நீரை உள்ளே விடப்போகிறார்களாம். 2,900 ஏக்கர்! ஒரு கையால் தடுத்து மறு கையால் திறந்துவிடுவது என்ன கணக்கு?

அடுத்த வீட்டுக்காரர், "அது பறவைகளுக்காக, நமக்காக இல்லை" என்கிறார். பறவைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடு 237ஆம் நெடுஞ்சாலைக்கு வடக்கே, தாழ்வான பகுதியில் இருக்கிறது. சதுப்பு நிலத்துக்குச் செலவழிக்கும் பணத்தையும் சேர்த்துக் கரையை இன்னும் இரண்டு அடி உயர்த்தினால் எங்களுக்கு நல்லதல்லவா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோடிக்கரையான் எழுதுகிறார்:

முரளி, உள்ளே அந்தப் புதிய கரை எழும்பாமல் உப்பளங்களைத் திறக்கவே முடியாது. உப்பளங்களைத் திறந்து சதுப்பு நிலமாக்காவிட்டால், அந்தக் கரையைக் காப்பாற்றுவது உங்கள் குழந்தைகள் காலத்தில் பெரும்பாடாகிவிடும். இரண்டும் ஒரே வேலைதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் மண் பொறியாளன். இந்த விரிகுடாவின் கரைகளில் துளையிட்டு மண்ணெடுத்துச் சோதிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. பிறந்தது வேதாரண்யம் பக்கம். தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அதனால் அல்விசோ உப்பளங்களை முதலில் பார்த்தபோது எனக்கு அவை அந்நியமாகத் தெரியவில்லை. கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி நகர்த்தி, வெயிலில் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பை வாருவது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அளவுதான் வேறு: இங்கே ஒரு பாத்தியே சில நூறு ஏக்கர் இருக்கும்.

முதலில் அல்விசோ ஏன் இவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டும். இன்று மென்பொருள் அலுவலகங்கள் நிற்கும் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பழத்தோட்டங்களால் நிறைந்திருந்தது. தோட்டங்களுக்கும் பிறகு ஊர்களுக்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். நீர் வற்றியதும் அடியிலிருந்த களிமண் அடுக்குகள் இறுகி, மேலே இருந்த நிலம் முழுவதையும் கீழே இறக்கின. 1910களில் தொடங்கி 1969 வரை சான் ஹோசே நகர மையம் சுமார் 13 அடி இறங்கியது. விரிகுடாவை ஒட்டிய நிலம் இடத்துக்குத் தக்கபடி 2 முதல் 8 அடி வரை. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நிலத்தடியை நிரப்பத் தொடங்கியதும் இறங்குவது நின்றது. இறங்கிய நிலம் மட்டும் திரும்பி எழவில்லை. கடல் ஏறி வருவதற்கு முன்பே நாம் கடலுக்கு இறங்கிக் கொடுத்துவிட்டோம். 1983இல் கோயோட்டி ஓடை பெருக்கெடுத்தபோது அல்விசோ மூழ்கிக் கிடந்தது. அங்கே உள்ள பழைய குடும்பங்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

இவ்வளவு தாழ்ந்த ஊருக்குள் தினமும் இரண்டு முறை கடல் ஏன் வரவில்லை? கோல்டன் கேட் பாலத்தடியில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் சுமார் 6 அடி. விரிகுடா தெற்கே குறுகிக்கொண்டே வருவதால் அல்விசோவுக்கு வரும்போது அது சுமார் 9 அடியாகிவிடுகிறது. இதைத் தடுத்துக்கொண்டிருப்பவை அந்த உப்பளக் கரைகள்தான். ஆனால் அவற்றை யாரும் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டவில்லை. உப்புக் கம்பெனி மிதவை இயந்திரத்தைப் பாத்தி ஓரத்து வாய்க்காலில் விட்டு, பக்கத்துச் சேற்றையே அள்ளி வரப்பாகக் குவித்தது, அவ்வளவுதான். நான் துளையிட்ட இடங்களில் மேலே வெடிப்பு விட்ட காய்ந்த ஓடு, அதன் கீழே கையில் எடுத்தால் விரலிடுக்கில் பிதுங்கும் சாம்பல் நிறச் சேறு, நடுநடுவே கிளிஞ்சல். இந்த வரப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமிழும், திரும்பவும் சேற்றை அள்ளி மேலே போடுவார்கள். உப்பு எடுக்கும்வரை அதற்கு ஆள் இருந்தது. 2003இல் மத்திய அரசும் மாநில அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு அந்த உப்புக் கம்பெனியான கார்கில் நிறுவனத்திடமிருந்து 16,500 ஏக்கர் உப்பளத்தை வாங்கின. தென் விரிகுடாவில் மட்டும் 15,100 ஏக்கர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதைவிடப் பெரிய சதுப்பு நில மீட்பு இல்லை.

வாங்கியாயிற்று, சரி. அல்விசோவின் பின்பக்கம் சரியான கரை ஒன்று நிற்காமல் அந்த வரப்புகளை வெட்டினால், 9 அடி ஓதம், அதாவது கடலேற்றம், நேரே ஊருக்குள் நுழையும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் அங்கேதான் இருக்கிறது. சான் ஹோசே, சாந்தா கிளாரா தொடங்கி உங்கள் மில்பிட்டாஸ் வரை சுமார் 15 லட்சம் பேரின் கழிவுநீர் அங்கே போகிறது. அது மூழ்கினால் மலையடிவாரத்தில் இருப்பவர் வீட்டிலும் பிரச்சினைதான். அதனால்தான் முதலில் உள்கரை, பிறகு வெளிவரப்பை வெட்டுவது என்ற வரிசை. நீங்கள் பார்த்தது அந்த உள்கரையின் முதல் பகுதி. மொத்தம் சுமார் 4 மைல் நீளம், உச்சி, நில அளவையின் அடிப்படை மட்டத்திலிருந்து 15.2 அடியில் நிற்கும். 2018இல் மத்திய அரசு ராணுவப் பொறியாளர் படைக்கு 17.7 கோடி டாலர் ஒதுக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது.

இனி நீங்கள் கேட்ட "இன்னும் இரண்டு அடி". காகிதத்தில் இரண்டு அடி சிறியது. இந்த ஊர் மண்ணில் அப்படியில்லை. அடியில் இருப்பது சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் படிந்த இளஞ்சேறு. அதன்மேல் எடையை வைத்தால் உடனே கொஞ்சம் அமிழும், பிறகு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும். உயரத்தைக் கூட்டினால் அடியகலத்தையும் கூட்ட வேண்டும். அகலம் கூடினால் எடை கூடும், எடை கூடினால் இன்னும் அமிழும். போதாததற்கு ஹேவர்ட் பிளவு பக்கத்திலேயே ஓடுகிறது. நிலநடுக்கத்தில் சரியாமல் நிற்கவும் கரை சரிவாகவும் அகலமாகவும் இருந்தாக வேண்டும். ஆகவே எத்தனை அடி உயர்த்தலாம் என்று கேட்பதற்கு முன், உயர்த்த வேண்டிய தேவையை எப்படிக் குறைக்கலாம் என்றுதான் நாங்கள் கேட்போம்.

சதுப்பு நிலம் அங்கேதான் வருகிறது. கரைக்கு எதிரி இரண்டு. ஒன்று, ஓதமும் புயலும் சேர்ந்து ஏற்றும் நீர்மட்டம். இதைச் சதுப்பு நிலம் பெரிதாகக் குறைக்காது. அந்த வேலையைக் கரைதான் செய்ய வேண்டும். "சதுப்பு நிலம் இருந்தால் கரையே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது எதிரி அலை. விரிகுடாவுக்குள் அலையைக் கிளப்புவது காற்றுதான். அகன்ற திறந்த நீர்ப்பரப்பில் காற்று தொடர்ந்து அடித்தால் அலை வளர்ந்துகொண்டே வந்து கரையின் முகத்தை அரிக்கும், உச்சியைத் தாண்டித் தெறிக்கும். இந்த அலைகள் குட்டையானவை, நெருக்கமானவை. ஆழமில்லாத, செடி அடர்ந்த தரையில் ஏறியதும் சீக்கிரமே வலுவிழந்துவிடும். கரைக்கு முன்னால் சில நூறு அடி சதுப்பு நிலம் இருந்தாலே மோதும் அலை வெகுவாகக் குறைகிறது. அலை குறைந்தால் அலைக்காகக் கூட்டிக் கட்டும் உயரம் குறைகிறது. கருங்கல் அடுக்க வேண்டியதும் குறைகிறது.

இன்னொன்றும் உண்டு. கரையின் கடல்பக்கத்தில் சில இடங்களில் 30 அடி ஓடி 1 அடி மட்டுமே ஏறும் மிக மெல்லிய சரிவு அமைப்பது இந்தத் திட்டத்தில் இருக்கிறது. கடல்மட்டம் உயர உயர, செடிகள் அந்தச் சரிவில் ஒவ்வோர் அடியாக மேலே நகர்ந்துகொள்ளலாம். வழக்கத்தைவிட உயர்ந்த ஓதமான பேரோதம் வரும்போது சதுப்பு நில எலியும் ரிட்ஜ்வே கானாங்கோழியும் ஏறி ஒண்டிக்கொள்ள இடமும் கிடைக்கும். இவை இரண்டும் இந்தக் கரையோரச் சதுப்பு நிலங்களையே நம்பி வாழ்பவை. உங்கள் அடுத்த வீட்டுக்காரர் சொன்ன பறவைக்கும் உங்கள் வீட்டுக்கும் அந்தச் சரிவு ஒன்றுதான்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது காலம். கரையை 2050இலும் உயர்த்தலாம். பணம் அதிகமாகும், ஆனால் முடியும். சதுப்பு நிலத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது. அதை யாரும் கட்டுவதில்லை, அது தானே வளர்கிறது. ஒவ்வோர் ஓதமும் கலங்கல் நீரை உள்ளே கொண்டுவருகிறது. நீர் நின்று திரும்பும் நேரத்தில் வண்டல் கீழே படிகிறது. தரை ஒரு மட்டத்துக்கு உயர்ந்ததும் முதலில் ஸ்பார்ட்டினா புல் பிடிக்கும், இன்னும் உயர்ந்ததும் உமரி பிடிக்கும். நம் ஊர்க் கழியோரத்தில் சிவந்து கிடக்கும் உமரிக்கு உறவுச் செடிதான். செடி பிடித்துவிட்டால் அதுவே வண்டலைப் பிடித்து, வேரும் சருகும் சேர்த்துத் தரையை உயர்த்திக்கொள்ளும். ஆனால் கடல் வேகமாக ஏறத் தொடங்கிய பிறகு தாழ்ந்த பாத்தியைத் திறந்தால் வண்டலால் எட்டிப்பிடிக்க முடியாது. அது வெறும் தண்ணீர்ப் பரப்பாகவே நின்றுவிடும். கலிபோர்னியா அரசு 2024இல் வெளியிட்ட கணிப்பில் 2050க்குள் உயர்வு ஓர் அடிக்கும் குறைவு, ஏறத்தாழ 0.8 அடி. 2100க்கு வந்தால் 1 அடியிலிருந்து 6.6 அடி வரை விரிகிறது. அந்த வேகம் பிடிப்பதற்கு முன் சதுப்பு நிலம் தலையெடுத்திருக்க வேண்டும். இதனால்தான் 2015இலேயே விரிகுடா ஆய்வாளர்கள் சேர்ந்து 2030க்குள் திறக்க வேண்டியவற்றைத் திறந்துவிடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள்.

இது நடக்குமா என்று சந்தேகமிருந்தால், சாந்தா கிளாராவிலிருந்து ஃப்ரீமாண்ட் போகும் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். டிராபிரிட்ஜ் என்ற ஆளில்லாத பழைய ஊரைக் கடக்கும்போது இருபுறமும் வருபவை, ஏ19, ஏ20, ஏ21 என்று பெயரிடப்பட்ட தீவு உப்பளங்கள். 2006 மார்ச்சில் வரப்பை வெட்டிவிட்டார்கள். அப்போது வெறும் உப்புப் பொருக்கும் ஜிப்சமும் படிந்த வெள்ளைத் தரை. இன்று ஏ21இல் பச்சையும் சிவப்புமாகச் செடி அடர்ந்து, நடுவே ஓடைகள் கிளைவிட்டு ஓடுகின்றன. அந்த ஓடைகளின் பெரும்பகுதியை ஓதமே வெட்டிக்கொண்டது.

ஃபாஸ்டர்சிட்டி மீனாட்சி எழுதுகிறார்:

கோடிக்கரையான் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எல்லா ஊருக்கும் அது பொருந்தாது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எங்கள் ஃபாஸ்டர் சிட்டி 1960களில் சதுப்புத் தீவின்மேல் மண்ணைக் கொட்டி எழுப்பிய ஊர். கரையை ஒட்டி நடைபாதை, அதை ஒட்டிச் சாலை, அதை ஒட்டி வீடுகள். எங்கள் கரை தகுதியானதல்ல என்று மத்திய வெள்ள வரைபடத்தில் முடிவாகிவிட்டால், வீட்டுக் கடன் வைத்திருக்கும் எல்லோரும் வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. 2018 ஜூனில் 9 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தோம். பெரும்பான்மை அமோகமாக இருந்தது. நானும் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். எஃகுத் தகடுகளைச் சேற்றில் இறக்கிச் சுவர் எழுப்பினார்கள். 2024இல் வேலை முடிந்தது.

முன்பு நடைபாதையில் போனால் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். இப்போது சில இடங்களில் சுவர்தான் தெரிகிறது. மாமியாருக்கு அது பெரிய வருத்தம். ஆனால் ஜனவரி மாதப் பேரோதத்தின்போது நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். சதுப்பு நிலம் வைக்க எங்களுக்கு முன்னால் இடமில்லை, பின்னால் வீடுகள். இடமில்லாதவர்களுக்கு என்ன வழி என்பதையும் ஐயா சொன்னால் நல்லது. அல்விசோவுக்கு உப்பளம் கிடைத்தது அதிர்ஷ்டம்.

மில்பிட்டாஸ் முரளி எழுதுகிறார்:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. மனைவிக்கும் படித்துக் காட்டினேன். வரிசை ஏன் அப்படி என்பது இப்போது விளங்குகிறது.

இரண்டு சந்தேகங்கள். சதுப்பு நிலம் வண்டலால் வளர்கிறது என்றால், அவ்வளவு வண்டல் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா? ஆறுகளிலெல்லாம் அணை கட்டிவிட்டோமே. இரண்டாவது, குவாடலூப் ஆற்றில் பாதரசம் இருக்கிறது, மீன் பிடித்துச் சாப்பிடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். உப்பளத்தைத் திறந்தால் அதையும் கிளறிவிட மாட்டார்களா?

கோடிக்கரையான் எழுதுகிறார்:

இரண்டுமே எங்களைத் தூங்கவிடாத கேள்விகள்.

வண்டல் முதலில். 1849 தங்க வேட்டைக்குப் பிறகு சியரா மலைகளில் நீரைப் பீய்ச்சியடித்து மலைச்சரிவையே கரைத்துத் தங்கம் தேடினார்கள். அந்தச் சேறு முழுவதும் ஆறுகள் வழியாக விரிகுடாவுக்கு வந்தது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டு 1884இல் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆனால் இறங்கிய சேறு பல பத்தாண்டுகள் விரிகுடாவுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. இன்று அந்த இருப்பு தீர்ந்துவருகிறது. நீங்கள் சொன்னபடி அணைகளும் புது வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. 1990களின் இறுதியிலிருந்து விரிகுடா நீரின் கலங்கல் தெளிவாகவே குறைந்துவிட்டது. தெளிந்த நீர் பார்க்க நன்றாக இருக்கும். சதுப்பு நிலத்துக்கு அது பட்டினி.

அல்விசோ மூலைக்கு மட்டும் ஒரு நல்ல காலம். சேறு தென்கோடியில் வந்து சேர்ந்துகொள்கிறது. ஏ21 அவ்வளவு சீக்கிரம் நிறைந்ததற்கு அதுதான் காரணம். மற்ற இடங்களில் மண்ணை நாம்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். விரிகுடாவின் வடபக்கம் நொவாட்டோவில் பழைய ஹாமில்டன் விமானத் தளத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஓக்லாந்து துறைமுகத்தை 50 அடிக்கு ஆழப்படுத்தியபோது எடுத்த சேறும் பிற தூர்வாரல் மண்ணுமாகச் சுமார் 60 லட்சம் கன கெஜத்தைக் குழாய் வழியாக ஓடுதளத்தின்மேல் நிரப்பி, 2014இல் வரப்பை வெட்டினார்கள். இன்றும் ஆண்டுதோறும் கப்பல் வழிகளில் தூர்வாரிய நல்ல சேற்றில் ஒரு பகுதியை வெளிக்கடலுக்குக் கொண்டுபோய் ஆழத்தில் கொட்டுகிறார்கள். அங்கே கொட்டுவது செலவு குறைவு என்பதுதான் காரணம். நம் வரிப்பணத்தில் எடுத்த மண், நமக்கு மிகவும் தேவைப்படும் மண், எட்டாத ஆழத்துக்குப் போகிறது. இதைப் பொதுக் கூட்டங்களில் எழுந்து கேளுங்கள், நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2023 டிசம்பரில் ஹேவர்ட் அருகே ஈடன் லேண்டிங் பக்கம் திமிங்கில வால் என்ற சதுப்பு நிலத்துக்கு முன்னால் ஆழமில்லாத நீரில் தூர்வாரிய சேற்றைக் கொட்டி, ஓதமே அதை உள்ளே கொண்டுபோகிறதா என்று சோதனை செய்தார்கள். செலவைக் குறைக்க இப்படிப்பட்ட வழிகள்தான் வேண்டும்.

பாதரசம் உண்மை. நியூ அல்மடென் சுரங்கங்கள் வட அமெரிக்காவிலேயே அதிகப் பாதரசம் எடுத்தவை. தங்கத்தைப் பிரிக்க அது பயன்பட்டது. சுரங்கக் கழிவு குவாடலூப் ஆறு வழியே இறங்கி அல்விசோ ஓடையிலும் ஏ8 உப்பளத்திலும் படிந்திருக்கிறது. அதனால்தான் ஏ8ஐ ஒரேயடியாக உடைக்கவில்லை. எட்டு மதகுக் கண்கள் கொண்ட ஒரு வாய் அமைத்து, 2011இல் ஒன்றை மட்டும் திறந்து, மீனிலும் பறவை முட்டையிலும் பாதரசம் எவ்வளவு என்று அளந்து, பிறகு மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். முதல் ஆண்டில் அளவு ஏறியது, பிறகு இறங்கியது. வேறு இடமாக இருந்தால் அவசரப்பட்டு வெட்டியிருப்பார்கள். இந்தப் பொறுமைக்காகவே இந்தத் திட்டத்தின்மேல் எனக்கு மரியாதை.

மீனாட்சி அம்மா, உங்கள் ஊரில் சுவரைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் நகரம் அதைத் தாமதிக்காமல் செய்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். விரிகுடா முழுதும் ஒவ்வோர் ஊரும் சுவர் மட்டும் எழுப்பிக்கொண்டே போனால், பரவ இடமில்லாத ஓதம் எங்காவது ஏறித்தான் தீரும். ஓர் ஊரின் சுவர் இன்னோர் ஊரின் வெள்ளத்தைக் கூட்டுவதை 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. இடமில்லாத ஊர் சுவர் கட்டட்டும். இடமுள்ள ஊர் தண்ணீருக்கு இடம் விடட்டும். 2023இல் வந்த மாநிலச் சட்டப்படி எல்லாக் கரையோர ஊர்களும் 2034க்குள் தகவமைப்புத் திட்டம் தர வேண்டும். அதை ஊர் ஊராகத் தனித்தனியே போடாமல் சேர்ந்து போட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பாமணியாறு எழுதுகிறார்:

நான் முத்துப்பேட்டைக்காரன், இப்போது துபாயில் இருக்கிறேன். கலிபோர்னியா பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் "நிலம் இறங்கிப் போனது, தண்ணீர் ஓட வேண்டும்" என்று படித்ததும் எங்கள் அலையாத்திக் காடு நினைவுக்கு வந்தது.

ஒரு காலத்தில் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கான பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து மண் காய்ந்து, நடுப்பகுதி தாழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கியது, சுண்டியது, உப்பு ஏறியது. அதன்பின் ஒரு விதைகூட முளைக்கவில்லை. கன்று நட்டால் மட்டும் போதாது என்று கண்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள்: நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் உள்ளே வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரத்தில் ஊன்றிய வெண்கண்டல் பிடித்தது. 2018 கஜா புயலில் எங்கள் காடு கடுமையாக அடிவாங்கியது. ஆனாலும் எங்கள் பெரியவர்கள் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களைக் கைகாட்டி, அது இல்லாவிட்டால் என்னாகியிருக்கும் என்றுதான் இன்றும் பேசுகிறார்கள்.

தண்ணீருக்கு வழி விட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று கோடிக்கரையான் அண்ணன் சொன்னது எங்கள் ஊரிலும் அப்படியேதான்.

ஹேவர்ட் செல்வி எழுதுகிறார்:

முரளி அண்ணா, செய்து பார்க்க ஆசையிருந்தால் கன்று நடும் நாட்களுக்கு வாருங்கள். மழைக்காலம் தொடங்கியதும் கரையோரங்களில் தன்னார்வலர்களைக் கூப்பிடுவார்கள். குழந்தைகளையும் அழைத்து வரலாம்.

நான் முதலில் இந்த வேலையைப் பார்த்தது சான் லொரென்சோவில், ஓரோ லோமா கழிவுநீர் நிலையத்தில். 2015இல் அங்கே கிடைமட்டக் கரை என்ற சோதனைச் சரிவை அமைத்தார்கள். கோடிக்கரையான் ஐயா சொன்ன 30க்கு 1 சரிவுதான். சிறப்பு என்னவென்றால், சுத்திகரித்த கழிவுநீரை அந்தச் சரிவின் மேல்முனையில் மண்ணுக்குள் விடுகிறார்கள். அது வேர்களுக்கு நடுவே கசிந்து இறங்கும்போது நைட்ரேட்டின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. 2022 ஆகஸ்டில் விரிகுடா முழுதும் பழுப்பாகிப் பாசி பெருகி மீன்கள் செத்துக் கரையொதுங்கியதை எல்லோரும் பார்த்தோம். கழிவுநீரில் வரும் நைட்ரஜன்தான் அந்தப் பாசிக்கு உணவு. கரையைக் காக்கும் சரிவே அதையும் குறைக்கிறது என்றால் செலவை இரண்டு கணக்கில் வகுத்துப் பார்க்கலாமே.

நடுவது சுலபம், காப்பாற்றுவதுதான் வேலை. சரிவின் மேல்பகுதியில் நட்ட காட்டுப்புல் மண்ணுக்கடியில் கிழங்குபோலத் தண்டு விட்டுப் படரும். பிடித்துக்கொண்டால் களையை அதுவே அடக்கிவிடும். அதுவரை காட்டுக் கடுகு ஆளுயரம் வளர்ந்து கன்றுகளை மூடும். வசந்த காலத்தில் அதை வேரோடு பிடுங்க ஆள் கிடைப்பதில்லை. நடும் நாளில் படமெடுத்துக்கொள்ள நிறையப் பேர் வருகிறார்கள். களை பிடுங்கும் நாளுக்கும் வாருங்கள்.

மில்பிட்டாஸ் முரளி எழுதுகிறார்:

செல்வி, களை பிடுங்கும் நாளைத் தெரிவியுங்கள், கட்டாயம் வருகிறோம். பாமணியாறு அண்ணன், மீன்முள் வாய்க்கால் பற்றி இதுவரை கேள்விப்பட்டதில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்க்க வேண்டும்.

கோடிக்கரையான் ஐயா, கடைசியாக ஒன்று. இந்தக் கரை முழுதும் முடிந்துவிட்டால் எங்கள் வெள்ளக் காப்பீட்டை நிறுத்திவிடலாமா?

கோடிக்கரையான் எழுதுகிறார்:

நிறுத்த வேண்டாம், முரளி.

முதலில், முழுதும் முடியவில்லை. அல்விசோ ஊரை ஒட்டிய பகுதிதான் முன்னால் நடந்தது. ரயில் பாதைக்குக் கிழக்கே கழிவுநீர் நிலையத்தைக் காக்கும் பகுதியின் செலவு மதிப்பீடு மிகவும் ஏறிவிட்டதால் அது இழுபறியில் இருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி திறந்திருந்தாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டு வரும். அடுத்து, இந்தக் கரை விரிகுடாவிலிருந்து வரும் ஓதத்துக்கு மட்டும்தான். கோயோட்டி ஓடையும் குவாடலூப் ஆறும் மலையிலிருந்து கொண்டுவரும் வெள்ளம் வேறு கணக்கு. 1983இல் வந்தது அதுதான்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. கடல்மட்டம் உயர்ந்தால் கரைக்கு உள்பக்கம் நிலத்தடி நீரும் மேலே வரும். கரை அதைத் தடுக்காது. உங்கள் தெருவில் சில அடி ஆழத்திலேயே தண்ணீர் இருக்கலாம். அது இன்னும் ஏறினால் மழைநீர் இறங்க இடமிருக்காது, பழைய கழிவுநீர்க் குழாய்களின் விரிசலுக்குள் புகும், வீட்டின் அடித்தளம் ஈரமாகும். பம்பு வைத்து இறைக்கலாம். அளவு மீறி இறைத்தால் பழையபடி நிலம் இறங்கும். இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் வரைபடங்கள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டின் தரைமட்டச் சான்றிதழ் இல்லையென்றால் நில அளவையாளர் ஒருவரை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பிரீமியம் பேசும்போது கை கொடுக்கலாம். அரசுத் திட்டத்தில் புதிதாக எடுக்கும் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். நவம்பரில் மழை தொடங்கிய பிறகு ஓடினால் பலனில்லை. இருக்கும் காப்பீட்டை விடுபடாமல், காலாவதியாவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.